ஆய்வேடா, எழுத்துத் தேர்வா, செய்முறைத் தேர்வா? பேச்சு சிகிச்சை முதுநிலை மாணவர்களின் இறுதி மதிப்பீடு: ஒரு விளக்கம்

ஹவுரா: பக்கவாதத்தால் பேச்சை இழந்தவருக்குச் சொற்களை மீட்டுத் தருவதும், மூன்று வயதாகியும் பேசத் தொடங்காத குழந்தைக்கு முதல் சொல்லைப் பழக்குவதும் பேச்சு சிகிச்சை நிபுணரின் பணி. தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளை அகற்றப்பட்டவருக்கு மாற்றுக் குரல் பயிற்றுவிப்பதும், உணவை விழுங்க முடியாதவருக்குப் பாதுகாப்பான வழியைக் காட்டுவதும் அவர் பொறுப்பே. இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெறும் மாணவரின் தகுதியை இறுதியில் எதைக் கொண்டு முடிவு செய்வது? ஆய்வேடு எழுதச் செய்வதா, மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வைப்பதா, நோயாளியின் முன் நிறுத்திப் பார்ப்பதா?

நாட்டுக்கு நாடு இதற்கான விடை மாறுகிறது. ஒரே நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகமும் மாறுகிறது. மாணவரின் பட்டத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று இது. எந்த மதிப்பீட்டு முறை தேர்ந்தெடுக்கப்படுகிறதோ, அதற்கேற்ற திறனே மாணவரிடம் வளர்கிறது. அதன் பலனோ பாதிப்போ சிகிச்சைக்கு வரும் குடும்பத்தைச் சென்றடைகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பேச்சுக் குறைபாடு உடையோர் சுமார் 20 லட்சம் பேர். கேட்டல் குறைபாடு உடையோர் சுமார் 50 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று.

எங்கே படிக்கிறார்கள்?

இத்துறையின் முன்னோடி மையமான அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965ஆம் ஆண்டு மைசூருவில் தொடங்கப்பட்டது. அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு மற்றும் கேட்டல் குறைபாடுகள் நிறுவனம் 1983ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது. அதன் கிழக்கு இந்திய மண்டல மையம் ஹவுராவிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்து செல்லும் தொலைவில், வடக்குக் கொல்கத்தாவின் போன்ஹூக்ளி பகுதியில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் உள்ளிட்ட சில இடங்களில் இப்படிப்பு உள்ளது.

பேச்சு, கேட்டல் ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய இளநிலைப் பட்டம் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து 4 ஆண்டுகள் கொண்டது. சுருக்கமாக பி.ஏ.எஸ்.எல்.பி. என்று அழைக்கப்படுகிறது. அதன்பின் வரும் முதுநிலைப் பட்டம் 2 ஆண்டுகள். பாடத்திட்டத்தையும் கல்லூரிகளின் அங்கீகாரத்தையும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் முறைப்படுத்துகிறது. 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் இக்கவுன்சில் 1993 ஜூன் முதல் செயல்பட்டு வருகிறது.

இந்தியாவில் தெரிவு உண்டா?

"ஆய்வேடு வேண்டாம், தேர்வு மட்டும் எழுதுகிறேன்" என்று கேட்கும் வாய்ப்பு இந்திய முதுநிலை மாணவருக்கு வழக்கத்தில் இல்லை. பருவத் தேர்வுகள், உள்மதிப்பீடு, மருத்துவச் செய்முறைப் பயிற்சி, வாய்மொழித் தேர்வு, ஆய்வேடு என அனைத்தும் சேர்ந்தே பட்டமாகின்றன. ஆய்வேட்டை நெறியாளர் ஒருவரின் கீழ் எழுதி, மதிப்பீட்டுக்கு அளிக்க வேண்டும்.

ஆனால் பட்டத்திற்குப் பின் தனியாக ஒரு தேசிய உரிமத் தேர்வு இத்துறைக்கு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தைக் காட்டி, மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் பணியாற்றலாம். பதிவின்றிப் பணியாற்றுவோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பல்கலைக்கழகம் நடத்தும் இறுதி மதிப்பீடே கடைசி வாயில். அதைக் கடந்த பின் மாணவரின் திறனைச் சோதிக்கும் பொதுத் தேர்வு ஏதும் இல்லை.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுநிலை மாணவருக்கு உண்மையான தெரிவு உண்டு. ஆய்வேடு எழுதலாம், அதற்குப் பதிலாக, படித்த பாடங்கள் அனைத்தையும் தழுவிய விரிவான தேர்வை எழுதலாம். சில இடங்களில் நோயாளர் குறித்த விரிவான அறிக்கையோ, இரண்டாண்டுப் பணிகளைத் திரட்டிய தொகுப்பேடோ ஏற்கப்படுகிறது.

இவ்வளவு தாராளம் காட்ட முடிவதற்குக் காரணம், பல்கலைக்கழகத்திற்கு வெளியே வேறு வாயில்கள் இருப்பதுதான். அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கத்தின் சான்றிதழைப் பெற, மாணவர் 400 மணி நேர மருத்துவப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்வையிடல். 375 மணி நேரம் நோயாளிகளுடனான நேரடிப் பணி. பிராக்சிஸ் என்னும் நாடு தழுவிய தேர்வில் 162 மதிப்பெண் பெற வேண்டும். அதன்பின் மூத்த நிபுணரின் வழிகாட்டலில் குறைந்தது 36 வாரங்கள், 1,260 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆய்வேடு இச்சான்றிதழுக்கு நிபந்தனையன்று.

இரு நாடுகளுக்கும் இடையில் மற்றொரு அடிப்படை வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் இத்தொழிலில் நுழைவதற்கே முதுநிலைப் பட்டம் தேவை. இந்தியாவில் இளநிலைப் பட்டத்துடனேயே பதிவு செய்து பணியாற்ற முடியும். ஆகவே இந்திய முதுநிலைப் பட்டம் கூடுதல் தேர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமான படி. நாளைய விரிவுரையாளர்களும் மாணவரின் பயிற்சியை மேற்பார்வையிடுவோரும் இங்கிருந்தே வருகிறார்கள். அமெரிக்கா ஆய்வேட்டை விருப்பத்திற்கு விட்டதும், இந்தியா கட்டாயமாக வைத்திருப்பதும் இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

ஆய்வேடு எதை அளக்கிறது?

ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குச் சான்று திரட்டி, முடிவை நேர்மையாக எழுதும் திறனை ஆய்வேடு அளக்கிறது. புதிதாக வரும் சிகிச்சை முறை உண்மையிலேயே பயனளிக்கிறதா, விளம்பரம் மட்டுமா என்று பிரித்தறிய இத்திறன் தேவை.

இந்தியச் சூழலில் ஆய்வேட்டுக்கு இதைவிடப் பெரிய பயன் ஒன்றும் இருந்து வருகிறது. பேச்சு, மொழிக் குறைபாடுகளைக் கண்டறியும் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. அவற்றை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தமிழில் ல, ள, ழ என மூன்று ஒலிகளும், ர, ற என்னும் எழுத்து வேறுபாடும் உண்டு. வங்காளத்திலோ க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் மூச்சழுத்தம் உள்ளது, இல்லாதது என இரண்டாகப் பிரிந்து பொருளை மாற்றும். ஒரு மொழியின் குழந்தை எந்த வயதில் எந்த ஒலியைப் பழகுகிறது என்பதை அம்மொழிக் குழந்தைகளிடமே கேட்டறிய வேண்டும்.

அந்த வேலையை இந்தியாவில் பெருமளவு செய்தவர்கள் முதுநிலை மாணவர்கள். தமிழ் ஒலிப்புச் சோதனை 1980களில் மைசூருவில் முதுநிலை ஆய்வேடாக உருவானது. தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளின் ஒலிப்புச் சோதனைகளும் மாணவர் ஆய்வுகளின் வழியே வந்தவை. மைசூரு நிறுவனம் மாணவர் ஆய்வேடுகளின் அடிப்படையிலான கட்டுரைகளைத் தனித் தொகுதிகளாகவும் வெளியிட்டுள்ளது. பட்டத்திற்காக எழுதப்பட்ட ஏடு, சிகிச்சை அறையில் கையாளும் கருவியாக மாறிய வரலாறு இது.

இதன் மறுபக்கத்தையும் மறுப்பதற்கில்லை. இரண்டாண்டுப் படிப்புக்குள் தலைப்பைத் தெரிவு செய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, பங்கேற்பாளர்களைத் தேடி, தரவைத் திரட்டி எழுதி முடிக்க வேண்டும். காலம் குறைவு என்பதால் பங்கேற்பாளர் எண்ணிக்கையும் குறைகிறது. எளிதில் முடியும் தலைப்பைத் தேடிச் செல்லும் போக்கும் வருகிறது. நூலக அடுக்கில் ஏறிய பின் யாரும் புரட்டாத ஏடுகள் இத்துறையிலும் உண்டு. நல்ல ஆய்வேடு எழுதியவர் நோயாளியின் முன் தடுமாறவும் கூடும்.

எழுத்துத் தேர்வின் பலமும் வரம்பும்

விரிவான எழுத்துத் தேர்வின் பலம் அதன் பரப்பு. ஆய்வேடு ஒரு தலைப்பின் ஆழத்திற்குச் செல்லும். அதே மாணவர் திக்குவாய், குரல் கோளாறு, உதட்டுப் பிளவு, ஆட்டிசம், விழுங்குதல் சிக்கல் ஆகியவற்றில் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை அது காட்டாது. எழுத்துத் தேர்வு காட்டும். அனைவருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால், எந்தக் கல்லூரியில் படித்தவராயினும் ஒரே அளவுகோல் கிடைக்கிறது.

விழுங்குதல் சிக்கலை எடுத்துக்கொண்டால் இதன் முக்கியத்துவம் விளங்கும். பக்கவாத நோயாளி விழுங்கும் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்கு அப்படிச் செல்லும்போது இருமல்கூட வராது. இந்த அடிப்படையை அறியாத ஒருவர் பட்டம் பெறக் கூடாது. அதை எழுத்துத் தேர்வு உறுதி செய்யும்.

ஆனால் அறிந்திருப்பது வேறு, செய்வது வேறு. நோயாளியின் கழுத்தில் விரல் வைத்து விழுங்கும் அசைவை உணர்வதையும், ஒரு வாய் தண்ணீருக்குப் பின் குரலில் ஈரம் தட்டுகிறதா என்று செவி கொடுத்துக் கேட்பதையும் விடைத்தாள் அளக்க முடியாது.

நோயாளியின் முன் ஒரு தேர்வு

இந்த இடைவெளியை நிரப்புவது செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும். மாணவர் ஒருவரைப் பரிசோதித்து, குறைபாட்டைக் கண்டறிந்து, சிகிச்சைத் திட்டத்தை விளக்க வேண்டும். புறத்தேர்வாளர் குறுக்குக் கேள்விகள் கேட்பார். இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலமாக இருந்து வரும் முறை இது.

இதில் உள்ள சிக்கல், வாய்ப்பின் பங்கு. ஒரு மாணவருக்கு ஒத்துழைக்கும் பெரியவர் கிடைக்கலாம். அடுத்தவருக்கு அழுது அடம்பிடிக்கும் குழந்தை கிடைக்கலாம். தேர்வாளரின் கண்டிப்பும் ஒரே சீராக இராது. மருத்துவக் கல்வியில் இதே குறையைக் களைய, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975ஆம் ஆண்டு ஒரு முறையை அறிமுகம் செய்தார். மாணவர்கள் வரிசையாகப் பல நிலையங்களைக் கடந்து செல்வார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குறித்த நேரம், குறித்த பணி, முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் பட்டியல் இருக்கும். 'ஆஸ்கி' என்று அழைக்கப்படும் இம்முறை இன்று பல மருத்துவத் துறைகளுக்குப் பரவியுள்ளது. அனைவருக்கும் ஒரே சோதனை என்பது இதன் நன்மை. நிலையங்களை அமைக்க ஆளும் பணமும் அதிகம் தேவை என்பது இதன் சுமை.

ஆஸ்திரேலியா வேறொரு பாதையில் சென்றது. அங்குள்ள பேச்சு நோயியல் மாணவர்களை, ஒரு நாள் தேர்வில் அன்றி, பயிற்சிக் காலம் முழுவதும் பணியிடத்திலேயே மதிப்பிடும் 'காம்பஸ்' என்ற கருவி பயன்படுத்தப்படுகிறது. பரிசோதித்தல், திட்டமிடல், சிகிச்சை அளித்தல் ஆகிய தொழில் திறன்களுடன், பகுத்தறிதல், உரையாடும் பாங்கு, தொடர்ந்து கற்றல் போன்ற பொதுத் திறன்களையும் மேற்பார்வையாளர் அதில் பதிவு செய்கிறார். தொகுப்பேடு முறையும் இதற்கு நெருங்கியதே. மாணவர் தாம் கையாண்ட நோயாளர் அறிக்கைகளையும் செய்த பிழைகளிலிருந்து கற்றவற்றையும் திரட்டி அளிப்பார். நேர்மையான மேற்பார்வை இல்லாத இடத்தில் இம்முறைகள் வெறும் தாள் நிரப்பும் வேலையாகிவிடும் அபாயமும் உண்டு.

ஹவுரா எழுப்பும் கேள்வி

சணல் ஆலைகளும் வார்ப்பட ஆலைகளும் ரயில்வேயும் வளர்த்த நகரம் ஹவுரா. வங்காளத்தோடு இந்தியும் உருதும் போஜ்புரியும் ஒடியாவும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வீட்டில் போஜ்புரி, சந்தையில் வங்காளம், அலுவலகத் தாளில் இந்தி எனப் புழங்கும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனால், எந்த மொழியில் அவரைப் பரிசோதிப்பது? 'அஃபேசியா' எனப்படும் மொழித்திறன் இழப்பு, பல மொழி அறிந்தவரிடம் எல்லா மொழிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஒரு மொழி விரைவில் மீளலாம், மற்றொன்று பின்தங்கலாம். ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் பாதிப்பைக் குறைத்தோ கூட்டியோ மதிப்பிட நேரும்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கும் உரியது. சிகிச்சைக்காக வேலூருக்கும் சென்னைக்கும் மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறும் குடும்பங்கள் ஏராளம். ஹவுராவிலிருந்து வந்த நோயாளியிடம் தமிழ் பேசும் சிகிச்சையாளர் வங்காளம் தெரிந்த உறவினரின் துணையுடனோ இந்தியிலோ பணியாற்ற வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே வட்டார வழக்குகள் பல. தென் மாவட்டங்களில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று சொல்வது ஊர் வழக்கு. அதைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. கிழக்கு வங்க வழக்கில் 'ச' வரிசை ஒலிகள் மாறி ஒலிப்பதும் அப்படியே. வழக்கு எது, குறை எது என்று பிரிப்பதே இத்தொழிலின் முதல் திறன்.

இறுதி மதிப்பீட்டின் எந்த வடிவம் இத்திறனைச் சோதிக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. பொது வினாத்தாள் மேலோட்டமாகத் தொடும். பல மொழி பேசும் நோயாளியின் முன் நடக்கும் செய்முறைத் தேர்வு நன்றாகச் சோதிக்கும். உள்ளூர் மொழிக்கான கருவியை உருவாக்கும் ஆய்வேடு, சோதிப்பதோடு நில்லாமல் அடுத்து வரும் சிகிச்சையாளருக்கும் வழி செய்து தரும்.

மாறிவரும் விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, இரண்டாண்டுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் மூன்று வழிகளைத் திறந்துள்ளது. முழுவதும் பாடங்களாகவே படிக்கலாம். ஒரு பருவம் பாடமும் மறு பருவம் ஆய்வுமாகக் கொள்ளலாம். இரு பருவங்களும் ஆய்வுக்கே ஒதுக்கலாம். புதிய தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக வந்த ஏற்பாடு இது.

கலை, அறிவியல் துறைகளுக்கு இந்த நெகிழ்ச்சி நன்மை தரலாம். மனித உடலோடும் உயிரோடும் தொடர்புடைய துறைகளில் அத்துறைக்குரிய கவுன்சிலின் விதிகளே முதன்மை பெறுகின்றன. பேச்சு சிகிச்சை முதுநிலைப் படிப்பிலும் இத்தகைய தெரிவுகள் வருமானால், முதலில் எழும் கேள்வி இதுவாகவே இருக்கும்: ஆய்வேட்டை விட்டு விலகும் மாணவரின் சிகிச்சைத் திறனை வேறு எந்தத் தேர்வு உறுதி செய்யும்? அமெரிக்கா ஆய்வேட்டை விருப்பத்திற்கு விட்டபோது தேசியத் தேர்வும் ஓராண்டளவு மேற்பார்வைப் பணியும் பின்னால் நின்றன. அந்த வாயில்கள் இல்லாமல் தெரிவை மட்டும் எடுத்துக்கொண்டால், இருக்கும் ஒரே வாயிலும் தளர்ந்துவிடும்.

மறுபுறம், ஆய்வேட்டைக் கட்டாயமாக வைத்திருப்பதாலேயே தரம் வந்துவிடாது. குறைந்த காலத்தில் பயனுள்ள ஏடு வர வேண்டுமானால், தலைப்புகள் தனித்தனியே சிதறாமல் ஒரு பெரிய பணியின் பகுதிகளாக அமையலாம். ஒரு மாணவர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் தரவு திரட்டினால், அடுத்த ஆண்டு மாணவர் நான்கு வயதினரிடம் திரட்டலாம். சில ஆண்டுகளில் ஒரு மொழிக்கு நம்பத்தகுந்த அளவுகோல் உருவாகும். தமிழில் அப்படி உருவாகும் கருவி யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அந்தந்த வழக்குகளுக்கேற்ற திருத்தத்துடன் பயன்படும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

முதுநிலையில் சேரும் முன், கல்லூரிக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் நடப்பு ஆண்டுக்கு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆய்வேட்டுக்கு நெறியாளர் எத்தனை பேர், பயிற்சிக்கு எத்தகைய நோயாளிகள் வருகிறார்கள் என்பதையும் கேட்டறியலாம். முனைவர் பட்டம், ஆசிரியப் பணி ஆகியவற்றை நாடுவோருக்கு வலுவான ஆய்வேடு துணை நிற்கும்.

வெளிநாடு செல்ல நினைப்போர், இந்தியப் பட்டம் தானாக உரிமமாகிவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கச் சான்றிதழுக்குப் பட்டத்தின் இணைத்தன்மை மதிப்பிடப்படும். பயிற்சி நேரக் கணக்கும் பிராக்சிஸ் தேர்வும் உண்டு. பிரிட்டனில் பதிவு செய்ய, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பேச்சு சிகிச்சையாளரிடம் மற்றத் துறையினரைவிடக் கூடுதலான ஆங்கிலத் தேர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே பயிற்சி நேரப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே தேதி, நோயாளரின் வயது, குறைபாட்டு வகை, மேற்பார்வையாளரின் கையொப்பம் ஆகியவற்றுடன் பராமரிப்பது நல்லது.

குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தினர், சிகிச்சையாளரின் மத்திய மறுவாழ்வுப் பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பரிசோதனை எந்த மொழியில் நடந்தது, பயன்படுத்திய சோதனை அம்மொழிக்காக உருவானதா என்றும் கேட்கலாம். நோயாளி வீட்டில் பேசும் மொழியையும் வழக்கையும் முதல் நாளிலேயே தெரிவிப்பது பிழையான கணிப்பைத் தவிர்க்க உதவும். குழந்தை எனில், வீட்டில் அது பேசும் சில நிமிடங்களைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டு செல்லலாம். புதிய இடத்தில் வாய் திறக்காத குழந்தைகளுக்கு இது பெரிதும் பயன்படும்.

ஆய்வேடு, எழுத்துத் தேர்வு, செய்முறை, தொகுப்பேடு ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு திறன்களை அளக்கின்றன. ஒன்றின் இடத்தை மற்றொன்று முழுமையாக நிரப்புவதில்லை. எதைக் கைவிடலாம் என்று பல்கலைக்கழகங்கள் முடிவு செய்யும்போது, கைவிடப்படும் திறனை நாளை எந்த நோயாளி தேடி வருவார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.